அச்சில் வராத அடுக்கு

போட்டோ பிரிண்டர் வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் யோசனை கேட்கக் கூடாது. கடைக்காரர்கள் பொய் சொல்வதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வார்கள், அவ்வளவுதான். "லினக்ஸ்ல வேலை செய்யுமா?" என்று நான் கேட்டதற்கு, அந்த விற்பனையாளர் பெட்டியை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் செய்யும் சார், புது மாடல்" என்றார். நானும் நம்பித் தூக்கிக்கொண்டு வந்தேன். இத்தனைக்கும் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தை ஓய்வு பெறும்வரை கட்டி மேய்த்தவன் நான். எனக்கே அந்தக் கதி.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், மேடம். முதல் என்றால் பிரிண்டர்தான். அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். உடம்பு அசதியாக இருக்கிறது, நடுவில் கொஞ்சம் நிறுத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

என் மனைவிக்குத் தலையில் ரத்தம் உறைந்து ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு காலையில் நடந்தது மத்தியானம் அவள் நினைவில் நிற்காது. பழையதிலும் அங்கங்கே பொத்தல் விழுந்துவிட்டது. தையல் பள்ளியில் பாடம் எடுத்தவள். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. கிழிந்த தலையணை உறையைக் கொடுத்தால் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த ஊசியை எங்கே வைத்தாள் என்று வீடெல்லாம் தேடுவது என் வேலை. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, அடுப்பை அணைத்தாளா என்று பார்ப்பது, கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது, எல்லாம் நான்தான். குறையாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

"பழைய போட்டோவையெல்லாம் பெருசா பிரிண்ட் போட்டு, தினமும் பக்கத்துல உட்கார்ந்து காட்டுங்க. இது யாரு, இது யாருன்னு சொல்லிக்கிட்டே காட்டுங்க. மனசுல ஒட்டும்" என்று டாக்டரம்மா சொன்னார்.

வெளியில் ஸ்டுடியோவில் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். எனக்கு ஒரு கொள்கை உண்டு. என் வீட்டில் ஓடுகிற மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். திறந்த மூல மென்பொருள் என்றால் அதுதான். ஒளிவுமறைவு எனக்கு ஆகாது. நான் வாங்கி வந்த பிரிண்டரோ, அதன் கம்பெனிக்காரன் கொடுத்த மென்பொருள் இல்லாமல் அசையவே மாட்டேன் என்றது. அதில் கணக்குத் தொடங்க வேண்டும், படங்களை அவன் சர்வருக்கு அனுப்ப வேண்டும். மஞ்சள் மை தீர்ந்தால் கறுப்பில்கூட ஒரு வரி அடிக்காது. என் கணினியை இயக்குகிற லினக்ஸில் போட்டால் வெள்ளைத் தாளை உள்ளே இழுத்து வெள்ளைத் தாளாகவே வெளியே துப்பியது. தலைகீழாக நின்று பார்த்தேன். கடைசியில் கடைக்காரரிடமே கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தேன்.

பிறகுதான் எங்கள் குழுவில் கேட்டேன். இணையத்தில் இந்த மாதிரிச் சிக்கல்களுக்காகவே ஒரு குழு இருக்கிறது. பல வருடமாக ஒரே புனைபெயரில் அதில் நான் இருக்கிறேன். அங்கே 'மைக்கூடு' என்ற பெயரில் ஒருவர் உண்டு. பிரிண்டர் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மறுநாளே அழைத்துப் பேசினார்.

"பெட்டி மேல எழுதியிருக்கறத நம்பாதீங்க, சார். திறந்த டிரைவர் எழுதறவங்க ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க. அதுல மாடல் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் உள்ள வேற மிஷினா இருக்கும்."

"புதுசா வாங்கணுமா?"

"பழசுதான் நல்லது. புதுசுல படம் வரும், ஆனா உங்க இஷ்டத்துக்கு வராது. உங்களுக்கு ஒவ்வொரு மையையும் தனித்தனியா கூட்டிக் குறைக்கணும்னா, ஆறு மை இருக்கற பழைய மாடலாப் பிடிங்க."

அவர் சொன்ன மாடல், மூடப்போகிற ஒரு ஸ்டுடியோவில் தூசி படிந்து கிடந்தது. கொண்டுவந்து துடைத்து, மை செலுத்தும் துளைகளைச் சுத்தம் செய்து, பிரிண்டரை இயக்குகிற திறந்த டிரைவர் மென்பொருளைப் போட்டேன். பழைய ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்து நிறம் திருத்திய முதல் படம் பளிச்சென்று வந்தது. எனக்கு வாயெல்லாம் பல். எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து என் மனைவி எங்கள் மகளுக்குத் தலை பின்னுகிற படம் அது. ஓடிப்போய்க் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"யார் வீட்டுப் படங்க இது?"

பிறகுதான் புரிந்தது. அவள் மனதில் இருந்தது அந்த நாள் இல்லை, அந்தப் படம். ஆல்பத்தில் நிறம் மங்கி, லேசாகச் சிவப்பு ஏறி, தொட்டால் சொரசொரப்பாக இருந்த அந்தத் தாள். அவள் கண்ணைவிட விரலுக்குத்தான் அதை நன்றாகத் தெரியும். புதுசாகப் பளபளத்தால் அது அவளுடையது இல்லை.

மைக்கூட்டிடம் மறுபடி கேட்டேன். வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார், படம் பழசு மாதிரியே வர வேண்டும் என்றேன். அந்த மனிதர் தன் வேலையை விட்டுவிட்டு எனக்காக வாரக்கணக்கில் மெனக்கெட்டார். "நீல மைய கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டே வாங்க. பழைய பிரிண்ட்ல முதல்ல போறது அதுதான்" என்றார். டிரைவரில் எனக்கென்றே ஒரு மாற்றம் செய்து அனுப்பினார். சொரசொரப்பான தாள் எங்கே கிடைக்கும் என்றும் அவரே தேடிச் சொன்னார். முகம் தெரியாத ஆளுக்கு யார் இப்படிச் செய்வார்கள்? அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த படத்தைக் கையில் கொடுத்ததும் அவள் விரலால் தடவினாள். முகம் மலர்ந்தது. "பாப்பா" என்றாள். "முடிய ஆட்டாம இருன்னா கேக்க மாட்டா." ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். பக்கத்து அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அதோடு நின்றிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் ஆரம்பித்தது. "பாப்பா எங்கங்க?"

"வேலைக்குப் போயிருக்கா. வேற ஊர்ல இருக்கா இல்ல?"

"எப்ப வருவா?"

"வருவா."

காபி குடித்து முடிப்பதற்குள் மறுபடி, "பாப்பா எங்கங்க?" முகம் கழுவிவிட்டால் அப்போதும். மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு அப்போதும். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை. எனக்கு அப்படி இல்லை. ஆல்பத்தை மூடி வைத்தாலும் அவளே எடுத்துவந்துவிடுவாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதில் பாப்பா. வாசலில் பாப்பா, ஊஞ்சலில் பாப்பா, பள்ளிக்கூடச் சீருடையில் பல்லைக் காட்டிக்கொண்டு பாப்பா. எங்கள் வீட்டில் வேறு எதையும் படம் எடுத்ததில்லை.

மகள் வராமலும் இல்லை. மாதம் ஒரு தடவை வருவாள். அவள் கிளம்பியதும் இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுவாள். நானும் நிற்பேன். ஒரு தடவை மகள் கிளம்பும்போது, "அப்பா, கண்ணாடில உங்க மூஞ்சியப் பாத்தீங்களா? ஓஞ்சு போயிட்டீங்க. அம்மாவ என்கூட அனுப்புங்க. நீங்களும் வாங்க, வேணாம்னா வார வாரம் வந்து பாருங்க" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நான் குளிப்பாட்டி, நான் ஊட்டி, நான் காப்பாற்றிவைத்திருப்பதை மகள் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவதாம், நான் வாரம் ஒரு தடவை போய்ப் பார்ப்பதாம். கோபம் வந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. "யாரும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கம்மா, கொஞ்ச நாள் வராம இரு" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு ஒரு படத்தில் மட்டும் செய்து பார்த்தேன். ஒரே ஒரு படம்.

படங்களைத் திருத்தும் மென்பொருளில் அடுக்கு அடுக்காக வேலை செய்யலாம். பின்னால் இருக்கும் சுவர் ஓர் அடுக்கு, அதன்மேல் ஆள் ஓர் அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அதைத் தொட்டால் அந்த அடுக்கு மறையும். மறுபடி தொட்டால் வரும். ஊஞ்சல் படத்தில் மகளைத் தனி அடுக்காகப் பிரித்து, அவளுக்குப் பின்னால் மறைந்திருந்த செடியை வரைந்து நிரப்பி, கண்ணைத் தொட்டேன். அச்சிட்டேன். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் பார்த்தாள். "நல்ல ஊஞ்சல்" என்றாள். பக்கத்தைத் திருப்பினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அமைதி எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வருடக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவனுக்குத் தாடை தளர்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் செய்தேன். அவசரப்படவில்லை. நிழலைக்கூட விடவில்லை. வெற்றிடம் விட்டால் கண்ணை உறுத்தும், அங்கே எதையாவது வைத்தாக வேண்டும். ஒரு படத்தில் பூந்தொட்டி வைத்தேன். மற்றவற்றில் என்னை வைத்தேன். அடையாள அட்டைக்காகவும் கல்லூரி விழாக்களிலும் எடுத்த என் படங்கள் சில இருந்தன. அவ்வளவு காலமும் கேமராவைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றவன், அந்த ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் இல்லை. முதல் தடவையாக வாசற்படியில் அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவள் பார்த்துவிட்டு, "நீங்க எப்பவும் என் கூடவேதான் இருந்திருக்கீங்க" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு படத்தில் மட்டும் சிக்கல் தீரவில்லை. தலை பின்னுகிற படம்தான். மகளை எடுத்துவிட்டு என் மனைவியின் மடியில் ஒரு திரைத்துணியை வைத்தேன். ஆனால் விரல்கள் முடியின் மூன்று புரியைப் பிடித்த மாதிரியே நின்றன. அவள் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்ப்பாள்.

"என் கை ஏங்க இப்படி இருக்கு?"

"துணி தைக்கற இல்ல."

"தைக்கற கை இப்படி இருக்காதே." தொழில்காரி, அவளை அதில் ஏமாற்ற முடியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கேட்டதையே மறந்துவிடுவாள்.

ஒரு நாள் தானாகவே, "நமக்கு ஒரு பொண்ணு இருந்தா இல்ல?" என்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அது பக்கத்து வீட்டுக் குழந்தை. நீ ஆசையா வெச்சிருந்த. அவங்க வீடு மாத்திப் போயிட்டாங்க" என்றேன். அவள் ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பிறகு, "குழந்தை இல்லாத ஏக்கத்துல என்னென்னவோ தோணுது. தப்பா எடுத்துக்காதீங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லாததற்காக இரண்டு பேரும் சேர்ந்து வருத்தப்பட்டோம். அதை நடிப்பு என்று எழுதாதீர்கள். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

முதல் தடவை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கப்புறம்தான். அம்மாவைப் பார்க்க விடவில்லை என்று மகள் உங்கள் முதியோர் நல அலுவலகத்தில் முறையிட்டாள், நீங்கள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் என் மனைவியிடம், "அம்மா, இவங்க யாருன்னு தெரியுதா?" என்று கேட்டீர்கள்.

"தெரியலையேம்மா. களையா இருக்காங்க. யார் வீட்டுப் பொண்ணு?"

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"குடுத்து வைக்கல. இவர்தான் எனக்கு எல்லாம்" என்று ஆல்பத்தை எடுத்து உங்களிடம் நீட்டினாள்.

மகள் எட்டிப் பார்த்தாள். "இந்தப் படத்துல நான் இருந்தேன் மேடம். இதுல எல்லாத்துலயும் நான் இருந்தேன்" என்றாள். நான் சத்தம் போடவில்லை. "அவ கல்யாணம் ஆனப்ப அவ படத்தையெல்லாம் அவளே எடுத்துட்டுப் போயிட்டா மேடம். இது அந்தக் காலத்துல பெருசாக்கிப் போட்டது" என்றேன். நீங்கள் ஒரு படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தீர்கள். விரலால் தடவினீர்கள். நிறம் போன தாள், சிவப்பு ஏறிய முகம், சொரசொரப்பு. "பழைய படம்தானேம்மா" என்று மகளிடம் சொன்னீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. மாடல் நம்பரைக் கடைசி எழுத்துவரை பார்த்து வாங்கியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

மகள் அவள் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து முழங்காலில் தலையைச் சாய்த்தாள். நீங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள், கவனித்தீர்களா தெரியாது. என் மனைவி ஜன்னலைப் பார்த்து, "எனக்குத்தான் குடுத்து வைக்கல" என்று மறுபடி சொன்னாள். சொல்லிக்கொண்டே அவள் கை மகளின் முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தது. கடைசிவரை பின்னி, கட்ட ரிப்பன் இல்லாமல் நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தாய்க்கு மகளை அடையாளம் தெரியவில்லை, கணவரோடு இருப்பதே அவருக்கு நல்லது என்று எழுதிவிட்டுப் போனீர்கள். உங்கள்மேல் தப்பு இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும்.

மாட்டிக்கொண்டது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் குணத்தால்தான். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உதவி வாங்கியவன், வேலை முடிந்ததும் தான் கண்டுபிடித்ததை மற்றவர்களுக்காகத் திருப்பிப் போட வேண்டும். நன்றி என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு ஓடிப்போகிறவனை மதிக்க மாட்டார்கள். அதிலும் முடித்த படத்தை மட்டும் கொடுப்பது அநாகரிகம். மற்றவர்கள் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிற மாதிரி மூலக் கோப்பைக் கொடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். மைக்கூடு பட்ட பாட்டுக்கு அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் மனிதனா? மையின் அளவுகளையும் மாதிரிக்கு ஒரு படத்தின் மூலக் கோப்பையும் போட்டேன். அந்தத் தலை பின்னுகிற படம்தான். நிறம் அதில்தான் அருமையாக வந்திருந்தது. அடுக்குகளை ஒன்றாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் புத்தியில் வரவே இல்லை. அப்படிக் கொடுத்துப் பழக்கமில்லை.

மைக்கூடு திறந்து பார்த்துவிட்டுக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். "அளவெல்லாம் அருமை, சார். உள்ளே ஒரு சின்னப் பெண்ணை மறைத்து வைத்திருக்கிறீர்களே, அவள் யார்?" நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

என் மகளுக்கு என் புனைபெயர் தெரியும். படங்கள் எப்படி அப்படி மாறின என்று தேடிக்கொண்டிருந்தவள் அங்கே வந்து அந்தக் கோப்பை எடுத்து உங்களிடம் காட்டியிருக்கிறாள். கண் படத்தைத் தொட்டால் மறைந்தது வரும் என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அப்போது அவள் என் மடியில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி எங்கள் மகளை மறந்தது நோயால் இல்லை. நோய் பாதி வழியில் விட்டிருந்தது, மீதியை நான் முடித்தேன். அவளுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். அவள் ஓயாமல் கேட்ட கேள்விக்கு வேறு முடிவு எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட என்னைப் பற்றியதாக இருந்ததில்லை என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். நான் பக்கத்திலேயே இருந்தேன், எதற்குக் கேட்பாள்?

நான் எதையும் அழிக்கவும் இல்லை. அசல் படங்களையெல்லாம் அட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். என் மனைவியை மகள் வீட்டுக்கு அனுப்பிய அன்று நீங்கள்தானே எடுத்துப்போய் மகளிடம் கொடுத்தீர்கள். பிரிண்டரையும் எடுத்துக்கொண்டீர்கள். வாரம் ஒரு படமாவது அச்சிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துளையில் மை காய்ந்துவிடும்.

நேற்று நீங்கள் மகள் வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னீர்கள். என் மனைவி அந்த அசல் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மகளைக் கண்டால் இப்போது சிரிக்கிறாளாம், தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாளாம். என்னைப் பற்றிக் கேட்டாளா என்றேன். இல்லை என்றீர்கள். எப்படிக் கேட்பாள்? அந்தப் படங்கள் ஒன்றிலும் நான் இல்லையே, எல்லாவற்றையும் எடுத்தவன் நான்.

என் மகளிடம் எனக்காக ஒன்று சொல்லுங்கள். அந்த ஆல்பத்தில் என் படம் ஒன்றாவது வைக்கச் சொல்லுங்கள். ஒரு மனிதனை அவன் பெண்டாட்டியின் மனதில் இருந்து இப்படி இல்லாமல் ஆக்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவளுக்குத் தெரியவில்லை.